கயிறு பிடித்தவர்களோடு ஒரு வேளை: இராமேசுவரம் கரையில் மீன் சுட்டுச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு

இராமேசுவரம் தீவுக்கு வரும் நண்பர்கள் பலரும் ஒரே ஆசையைச் சொல்கிறார்கள். கடலிலிருந்து அப்போதுதான் வந்த மீனைக் கரையிலேயே தீ மூட்டிச் சுட்டு, மீனவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கே போனால் கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இரண்டாவது கேள்வியோடு கரையில் போய் நின்றால் மீன் வேண்டுமானால் கிடைக்கும், அந்தச் சாப்பாடு கிடைக்காது.

காரணத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையில் ஏறிய மீனில் பெரும்பகுதி அங்கேயே விலைக்குப் போய்விடும். அந்தப் பணத்தில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய சம்மாட்டிக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்தவர்களுக்கு ஒரு பங்கு. பல கரைகளில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதற்கும் கழிக்க வேண்டும். ஆக, விற்பனைக்குக் குவித்த மீனிலிருந்து ஒன்றை எடுத்து உங்களுக்குச் சுட்டுத்தர அங்கே நிற்கும் எவருக்கும் தனி உரிமை இல்லை. அவர்களால் கொடுக்க முடிவது கறிக்கு எடுத்த மீனை மட்டும்தான். அதாவது, அன்றைக்கு வீட்டுக் குழம்புக்கென்று ஆளுக்கு இரண்டு கையளவு ஒதுக்கிக்கொள்வது. உங்கள் இலையில் விழும் மீன் ஏதோ ஒரு வீட்டுச் சட்டிக்குப் போக வேண்டியது. கீழே சொல்வதை எல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எப்போது, எந்தப் பக்கம்

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பொதுவாக அமைதியாகக் கிடப்பதால் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், அலையடித்துக் கிடப்பதால் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் காற்று மாறினால் குணமும் மாறும். ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கினால் பெண்கடல் கலங்கிவிடும், தெற்குக் கரை அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். தனுஷ்கோடிப் பக்கம் நிலம் ஒரு நாக்கு போல ஒடுங்கியிருப்பதால், காற்றைப் பார்த்து வலையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் போன வருடம் போன இடத்துக்கே நேராகப் போய் நிற்காதீர்கள். விடியற்காலையில் டீக்கடையில் "இன்று வலை எந்தப் பக்கம்?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

சாலை வசதி வந்த பிறகு அரிச்சல்முனை வரை வண்டியிலேயே போகலாம். ஆனால் வெளியூர்க்காரர்கள் மாலைக்குள் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். ஆகவே, இரவில் தீ வளர்த்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டு சாப்பிடும் கனவை விட்டுவிடுங்கள். இந்தக் கரையின் உண்மையான விருந்து முற்பகல் விருந்து. கிழக்கு வெளுக்கும்போது வளைத்த வலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுபட்டுக் கரையேறும். மீன் பிரித்து, விலை பேசி, கூடைகள் கிளம்பிய பிறகுதான் அடுப்பு பற்றும். நீங்கள் ஐந்தரை மணிக்கே கரையில் இருந்தால், பத்து மணிச் சாப்பாட்டுக்கு உங்களுக்கும் இடம் இருக்கும். பத்து மணிக்கு வந்து இறங்கினால் வேடிக்கை பார்க்க வந்தவர்தான்.

பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. ஞாயிறு காலை பூசைக்குப் போகும் நேரத்தில் கரையில் ஆளை எதிர்பார்க்காதீர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கரைவலைக்கும் நாட்டுப் படகுக்கும் அது பொருந்தாது என்றாலும், அந்த நாட்களில் மீன் விலை ஏறிவிடும். நாலு காசு கூடக் கிடைக்கும் அந்தச் சமயத்தில் விருந்தாளியாகப் போய் நிற்காமல் இருப்பதே மரியாதை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், வானம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அன்று போக வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரையே இழந்த கரை இது. இங்குள்ளவர்கள் கூண்டை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

கையில் என்ன கொண்டு போவது

கடல் தராததைக் கொண்டு போங்கள். அவற்றில் முதலாவது நல்ல தண்ணீர்.

தனுஷ்கோடி மணலில் ஊற்று தோண்டி எடுக்கும் நீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியில் உப்புநீர் நிற்க, பெய்த மழைநீர் அதன் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கை ஆழத்துக்குச் சற்று கூடுதலாகத் தோண்டினால் நல்ல நீர் சுரக்கும். பேராசைப்பட்டு இன்னும் தோண்டினாலோ வேகமாக இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒரு பெண் அந்த ஊற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, சிரட்டையால் மேலாக வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். குடம் நிறைய அரை மணி நேரம் ஆனது. அந்த ஊற்றில் போய்க் கால் கழுவுகிறவர்களும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மீனையும் அங்கே அலசாதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்து அரிசி. சோறு வடிக்க ஏற்பாடு இருக்காது என்று தோன்றினால் ஊரில் ஏதாவது ஓர் உணவகத்தில் வெறும் சோறாகக் கட்டி வாங்கிவிடுங்கள். பத்துப் பேர் என்று கணக்குப் போட்டால் பதினைந்து பேருக்கு வாங்குங்கள், இழுவை வேலை செய்தவர்களின் பசி வேறு. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பச்சை மிளகாய், புளி, எலுமிச்சம்பழம், மிளகாய்த்தூள், மல்லித்தூள், நல்லெண்ணெய் ஒரு சிறிய புட்டி, வாழையிலை. விறகுக்குத் தேங்காய்ச் சிரட்டை ஒரு சாக்கு. இந்த மணலில் விறகு எளிதில் கிடைக்காது, அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் ஓலையையும் மட்டையையும் நாம் எரித்துத் தீர்த்துவிடக் கூடாது.

தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அவற்றுக்குத் தடை என்பது ஒரு காரணம். காற்று பிடுங்கிக்கொண்டு போய்க் கடலில் போடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்தக் கடலில்தான் நாளையும் இவர்கள் வலை போட வேண்டும். இலை கிடைக்காவிட்டால் பனையோலையில் மடித்த பட்டை போதும். இராமநாதபுரம் மாவட்டத்தில் பதநீர் குடித்தவர்களுக்குப் பட்டை புதிதல்ல. ஒரு தாய் நிழலில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தால் குழம்பும் சோறும் ஒழுகாமல் நிற்கும். மது கொண்டு போகவே போகாதீர்கள். ஆண்களில் சிலர் சந்தோஷப்படலாம். ஆனால் அந்த வீடுகளில் அதனால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் பேச்சு

கரையில் போய் இறங்கியதும் கைபேசியைத் தூக்காதீர்கள். செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிடுங்கள். வலை மேலும் கயிற்றின் மேலும் செருப்புக் காலோடு நடப்பதை யாரும் விரும்புவதில்லை. வயதில் மூத்தவராகப் பார்த்து "ஐயா" என்றோ, நடுவயதுக்காரரை "அண்ணே" என்றோ அழைத்து, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதைச் சொல்லி, "நானும் ஒரு கை பிடிக்கலாமா?" என்று கேளுங்கள். இவ்வளவுதான் அறிமுகம். பெண்களிடம் பேசும்போது "அக்கா". மீன் விலையில் முடிவெடுப்பது பல நேரம் அவர்கள்தான் என்பதால் அவர்களைத் தாண்டிப் போய் ஆண்களிடம் மட்டும் பேசாதீர்கள்.

"இன்று எவ்வளவு மீன் வரும்?" என்ற கேள்வி வேண்டாம். யாருக்கும் தெரியாதது அது. நிறைய வரும் என்று வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்குப் பிடிக்காது. படம் எடுப்பதாக இருந்தால் இழுத்து முடித்த பிறகு கேட்டு எடுங்கள்.

கயிறு

வள்ளம் வலையைக் கடலில் அரை வட்டமாக இறக்கிவிட்டு வந்த பிறகு, கரையில் இரண்டு குழுவாக நின்று இரண்டு கயிற்றையும் இழுக்கிறார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு குழுவும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். நடுவில் வருவது மடி, மீன் சேரும் பை. இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது வழக்கம். பாட்டின் அடிக்குத்தான் கால் பின்னே வைக்க வேண்டும். வார்த்தை தெரியாவிட்டாலும் கால் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புதியவர்களுக்கு மூன்று விஷயம். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், அலை வலையை உள்ளே இழுக்கும்போது கையோடு போய்விடும். கையால் மட்டும் இழுக்காமல் உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் புதைத்து இழுங்கள். களைத்துவிட்டால் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் விட்டால் உங்கள் பாரம் பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஏறும். அரை மணி நேரம் போதும், உள்ளங்கை சிவந்துவிடும். முழுக்க இழுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மடி கரையேறும்போது எல்லாரும் குனிவார்கள், நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். ஆர்வத்தில் கையை விட்டுக் கிளறக் கூடாத இடம் அது. திருக்கையின் வாலில் விஷமுள் உண்டு. கெளிற்று மீனின் முதுகிலும் பக்கத்திலும் முள் உண்டு. ஓரா பார்க்கச் சாதுவான மீன், அதன் துடுப்பு முள் குத்தினால் பெரிய ஆட்களே துடித்துப்போவார்கள். சில நேரம் கடற்பாம்பும் மீனோடு சேர்ந்து வரும். மீன் முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவுச் சூட்டில் வெந்நீர் வைத்து அந்த இடத்தை அமிழ்த்தி வைத்திருங்கள், வலி இறங்கும். திருக்கை முள் என்றாலோ, உள்ளே ஒடிந்து தங்கியிருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடற்பாம்பு கடித்த சந்தேகம் இருந்தால் எதற்கும் காத்திருக்கக் கூடாது. சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டுத் தோல் எரிந்தால் தேய்க்காமல் கடல்நீரால் அலசுங்கள்.

எந்த மீன்

தேர்ந்தெடுப்பது நம் வேலையல்ல. தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சூடை, சாளை, காரல், முரல், நகரை, சில கணவாய் என்று கலந்து வரும். நகரத்தில் சீலா, பாறை என்று துண்டு மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கலவை ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் தீயில் சுட இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. கொழுப்பு ஏறிய சாளையைக் கங்கில் வைத்தால் தானே தன் எண்ணெயில் பொரிந்துகொள்கிறது. முரலைப் பிரித்தால் முள் பச்சை நிறத்தில் இருக்கும். கெட்டுப்போனதோ என்று பயந்து எறிந்துவிடாதீர்கள், அதன் முள்ளின் நிறமே அதுதான்.

எறிய வேண்டியது பேத்தை. பிடித்தால் பந்து போல ஊதிக்கொள்ளும் மீன். அதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, உயிரைப் பறிக்கும். மீனவர்கள் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் குவியலில் கிடப்பதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு வந்து உங்கள் மீனோடு போட்டுவிட வாய்ப்பு உண்டு, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வெயில். சாளை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் ஓரிரு மணி நேரம் கிடந்தாலே உள்ளே ஒரு நஞ்சு உண்டாகத் தொடங்கிவிடும். மணத்தில் தெரியாது, சமைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் தடிக்கும். கைக்கு வந்த மீனை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், அடுப்பு தயாராகும் முன் வெளியே எடுக்காதீர்கள். ஐஸ் கொண்டு போயிருந்தால் இன்னும் நல்லது.

தீ

இடத்தை அவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே கரி படிந்த பழைய அடுப்புக்குழி இருந்தால் அதிலேயே மூட்டுங்கள். இல்லாவிட்டால் அலை ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே, வெறும் மணலில். வலை, வள்ளம், ஓலைக் குடிசை மூன்றிலிருந்தும் காற்றின் கீழ்ப்பக்கமாக நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். நைலான் வலையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் ஓட்டை விழுந்த மாதிரி. சவுக்குத் தோப்புக்குள்ளும் அதன் ஓரத்திலும் தீயே கூடாது. கீழே உதிர்ந்து கிடக்கும் சருகு நெருப்பைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்ளும்.

மணல்மேட்டில் படரும் அடும்புக் கொடியையும், பந்து பந்தாக முள்ளாய் நிற்கும் இராவணன் மீசையையும் பிடுங்கி விறகாக்காதீர்கள். மேட்டைக் கடல் அரிக்காமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான். கரை ஒதுங்கிய பலகை என்று பார்த்ததையெல்லாம் எரிப்பதும் தவறு. படகிலிருந்து வந்த மரத்தில் பெயின்ட் இருக்கும், கண்ணாடியிழை ஒட்டியிருக்கும். அந்தப் புகையில் சுட்ட மீனை உண்ணக் கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். மணலில் அகலமான தடம் கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம்.

முழங்கை நீளத்துக்கு, ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் போலக் குழி தோண்டுங்கள். குழியின் ஒரு வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். அடியில் காய்ந்த ஓலை, மேலே மட்டை, அதற்கும் மேல் சிரட்டை. ஓலைத் தீ குபுகுபுவென்று எரிந்து அணைந்துவிடும், சிறு சூடைகளைச் சுட அதுவே போதும். பெரிய மீனுக்குச் சிரட்டைக் கங்கு வேண்டும். சுடர் முழுவதும் அடங்கி, கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் மீனை வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். சுடரில் வைத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை.

சுடுவது

கழுவுவது கடல்நீரில். சாளை, சூடைக்குச் செவுளுக்குள் கட்டைவிரலை விட்டு இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும், கத்தி வேண்டாம். பெரிய மீனுக்கு வயிற்றைக் கீறிக் குடலை எடுங்கள், ஆனால் செதிலைச் சீவாதீர்கள். வீட்டுச் சமையலுக்கு நேர்மாறான வழக்கம் இது. செதில்தான் கங்குக்கும் சதைக்கும் நடுவே கவசமாக நின்று ஈரத்தைக் காக்கிறது. வெந்த பிறகு தோலோடு சட்டை கழற்றுவது போல உரிந்து வந்துவிடும். கடல்நீரில் அலசிய மீனுக்கு உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், மேலே தூவ வேண்டியதில்லை.

மசாலா தடவலாமா என்று கேட்பவர்களுக்கு: தடவலாம், ஆனால் முதல் மீனை மட்டுமாவது எதுவும் தடவாமல் சுட்டுப் பாருங்கள். கம்பி வலை கொண்டு போவதாக இருந்தால் சமையலுக்கான இரும்பு வலையாக இருக்கட்டும். வேலிக்குப் போடும், துத்தநாகம் பூசிய வலை சூட்டில் கெட்ட புகை விடும். வலை இல்லாவிட்டால் பச்சைப் பனைமட்டையை நீளவாக்கில் கீறி, மீனை இடுக்கி, இரண்டு முனையையும் ஓலை நாரால் கட்டிக் கங்கின் மேல் சாய்த்து வைக்கலாம். கரைக்காரர்கள் இதை ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், அடுத்த மீனை நீங்கள் கட்டுங்கள்.

சாளைக்கு ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம். அரைக் கிலோ விளைமீனோ பாறையோ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகலாம். கண் வெள்ளை முத்தாகத் துருத்தி நிற்பது முதல் அறிகுறி. அதை மட்டும் நம்ப வேண்டாம். முதுகின் தடித்த இடத்தில் ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். சதை நடுமுள்ளை விட்டு வெள்ளையாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். கண்ணாடி போலப் பளபளத்து முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். ஒரு பக்கம் முழுக்க வேகும் முன் புரட்டாதீர்கள், தோல் கம்பியோடு போய்விடும்.

சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கல்லில் வைத்து நசுக்கி, எலுமிச்சை பிழிந்தால் தொட்டுக்கொள்ளத் தயார்.

குழம்பு வைப்பதாக இருந்தால் அதை அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். கரைக் குழம்பில் தாளிப்பு இல்லை. கரைத்த புளியில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், நசுக்கிய வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் கையாலேயே கூட்டி அடுப்பில் ஏற்றுவார்கள். பச்சை வாசம் போகக் கொதித்த பின் மீனைப் போட்டால், அப்புறம் கரண்டி உள்ளே போகாது. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். இறக்கும்போது மேலே பச்சை நல்லெண்ணெய் ஊற்றுவார்கள். காரம் அதிகமாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்த பிறகு

முதல் மீன் மூத்தவருக்கு அல்லது பிள்ளைகளுக்குப் போகட்டும். அவர்கள் உங்களிடம் நீட்டுவார்கள், ஒருமுறை மறுத்து அவர் பக்கம் தள்ளுங்கள். மறுபடியும் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். தலையை உங்கள் இலையில் வைத்தால் அது மரியாதை, ஒதுக்கி வைக்காதீர்கள். எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், கன்னத்துச் சதையை எடுக்கும் விதத்தை அவர்களே காட்டிக்கொடுப்பார்கள். காரலில் முள் அதிகம். பேச்சை நிறுத்திவிட்டுத் தின்ன வேண்டிய மீன் அது. பிள்ளைகளுக்கு நீங்களே முள் பார்த்துக் கொடுங்கள்.

பேச்சு எங்கெங்கோ போகும். இந்தக் கரையில் எந்தப் பேச்சும் கடைசியில் எல்லையைத் தொடாமல் முடிவதில்லை. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது, பிடிபட்ட படகுகள், சிறையில் கழிந்த மாதங்கள். உங்களுக்கு எதிரே உட்கார்ந்து உங்களுக்குச் சோறு போடுகிறவரே அதைப் பார்த்தவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள். சாப்பாட்டின் நடுவே பேட்டி எடுக்கக் கூடாது.

முதல் தடவை போனபோது நான் ஒரு தவறு செய்தேன். கை கழுவியதும் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, எனக்கு மீன் கட்டித்தந்த பெரியவரிடம் நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பிட்டதுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் நான் கிளம்பும் வரை மறுபடி பேசவில்லை. பணம் சேர வேண்டும் என்று நினைத்தால் அதற்கு இடம் வேறு. சாப்பாட்டுக்கு முன்பே, மீன் விலைபோகும்போதே, கூடை வைத்திருக்கும் அக்காவிடம் வீட்டுக்கென்று இரண்டு கிலோ வாங்குங்கள். சொன்ன விலைக்கு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அந்த மீனை ஐஸில் போட்டு வண்டியில் வையுங்கள், அடுப்புக்குக் கொண்டு வராதீர்கள். சில ஊர்களில் இப்போது விருந்தாகவே ஏற்பாடு செய்து கட்டணம் கேட்கிறார்கள். அது வேறு கணக்கு. அங்கே கேட்டதை முழுதாகக் கொடுத்துவிட வேண்டியது.

நல்லது செய்கிறேன் என்று யாராவது படகில் பக்கத்துத் தீவுக்கு அழைத்துப் போய்ச் சமைத்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியக் கடற்பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். பிடிபட்டால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், படகுக்காரர் நீதிமன்றத்துக்கு அலைவார். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதையும் நினைவுப் பொருளாக வாங்காதீர்கள்.

கிளம்பும் முன்

முள்ளையும் குடலையும் மணலில் விட்டுவிடாமல் ஓர் இலையில் சேர்த்து, எங்கே போடுவது என்று அவர்களைக் கேளுங்கள். தண்ணீர் கேன் மீந்திருந்தால் குடிசைப் பக்கம் இறக்கி வையுங்கள். எடுத்த படங்களை அச்சுப் போட்டு அடுத்த முறை வரும்போது கொண்டு வந்து கொடுங்கள். கைபேசியில் அனுப்புவதைவிட அதைத்தான் சுவரில் மாட்டுவார்கள்.

கடைசியாகத் தீ. இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். முன்பு ஒரு கரையில் நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் குழியின் மேல் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு எழுந்தோம். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தது. சற்று நேரத்தில் ஓடி வந்த ஒரு சிறுவன் சரியாக அந்த இடத்தில் கால் வைத்தான். மணல் கங்கை அணைப்பதில்லை. போர்த்தி வைக்கிறது. உள்ளே மணிக்கணக்கில் சூடு அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளையின் பாதத்தில் எழுந்த கொப்புளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே மூடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குடத்தில் கடல்நீரை மொண்டு வந்து ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், நடுவில் கொட்டினால் சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும். மட்டையால் கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள், மறுபடி கிளறுங்கள். புகையும் சீறலும் நின்ற பிறகு கரித்துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போடுங்கள். பிறகு புறங்கையை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தட்டாவிட்டால் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் குழியைத் தூர்த்துவிட்டுக் கிளம்பலாம். இளஞ்சூடு இருந்தாலும் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டு வாருங்கள்.